திறந்த மென்பொருளுக்கு ஏன் அபராதம்?

கேள்வி: ஆண்ட்ராய்டின் மூல நிரல் எல்லோருக்கும் இலவசம் என்கிறார்கள். பிறகு கூகுளுக்கு ஏன் 1,337.76 கோடி ரூபாய் அபராதம்?

பதில்: இலவசமாகக் கிடைப்பது ஏஓஎஸ்பி என்ற அடிப்படை நிரல் மட்டும். அதை யாரும் இறக்கி, மாற்றி, போனில் போடலாம். ஆனால் பிளே ஸ்டோரும், ஆப்களுக்குப் பின்னணியில் உதவும் பிளே சர்வீசஸும் அதில் இருக்காது. அவை கூகுளின் சொந்தச் சொத்து. பிளே ஸ்டோர் இல்லாத ஆண்ட்ராய்டு போனை நம் ஊரில் யார் வாங்குவார்கள்? ஆகவே கம்பெனிகள் கூகுளோடு ஒப்பந்தம் போட்டாக வேண்டும். பிடி அங்கேதான் இருந்தது. அப்போது பிளே ஸ்டோர் தனியாகக் கிடைக்கவில்லை. குரோம், யூடியூப், ஜிமெயில், மேப்ஸ் என்று மொத்தக் கட்டும் வந்தது, தேடல் பெட்டி முகப்புத் திரையிலேயே இருக்க வேண்டியிருந்தது. இன்னொரு ஒப்பந்தம் இதைவிடக் கடுமை: கூகுள் ஏற்காத ஆண்ட்ராய்டு வகையில் ஒரு மாடல்கூடப் போடக் கூடாது என்றது. 2012-ல் சீன நிறுவனமான அலிபாபாவின் அலியுன் ஓஎஸ் என்ற இயங்குதளம் கொண்ட ஏசர் போன் அறிமுகம் கடைசி நேரத்தில் ரத்தானது. கூகுளின் நெருக்குதலே காரணம் என்றது அலிபாபா. இத்தகைய நிபந்தனைகளுக்காகத்தான் 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் அபராதம் போட்டது. நிரல் திறந்திருப்பதும் சந்தை திறந்திருப்பதும் வேறு வேறு.

கேள்வி: அப்படியும் என் போனில் குரோமை நீக்க முடியவில்லையே? ‘டிசேபிள்’ மட்டும்தான் வருகிறது.

பதில்: 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது; ஆனால் ஆணையத்தின் பத்து உத்தரவுகளில் நான்கை ரத்து செய்தது. முன்பே பதித்த ஆப்களை நீக்குவதைத் தடுக்கக் கூடாது என்பது ரத்தானவற்றில் ஒன்று. முடக்க வழி இருக்கிறதே என்பது வாதம். எங்களுக்கு அது அரைகுறைத் தீர்வாகவே படுகிறது. முடக்கினால் அப்டேட்டுகள் மட்டும் போகும். ஆலையில் பதித்த பிரதி, எழுத முடியாத சிஸ்டம் பகுதியில் அப்படியே கிடக்கும். இடம் பெரிதாக மிச்சமாகாது.

முடக்குவதானால் முதலில் வேறு பிரவுசரை நிறுவி, செட்டிங்ஸ், ஆப்ஸ், டிபால்ட் ஆப்ஸ் போய் அதை இயல்பாக்குங்கள். பிறகே குரோமைத் தொடுங்கள். பிளே சர்வீசஸை மட்டும் முடக்காதீர்கள்: பல ஆப்களின் நோட்டிபிகேஷன் வராது, சில வங்கி ஆப்கள் திறக்கவே மறுக்கும்.

கேள்வி: குரோமில் தேடுபொறியை மாற்றியும் முகப்புப் பெட்டி கூகுளிலேயே தேடுகிறதே?

பதில்: அது குரோமுடையது அல்ல, கூகுள் ஆப்பின் விட்ஜெட், அதாவது முகப்புத் திரையில் வைக்கும் சிறு பெட்டி. நீளமாக அழுத்தி அகற்றிவிட்டு, வேண்டிய தேடுபொறியின் விட்ஜெட்டை வையுங்கள். சில மாடல்களில் அகலாது. அங்கே முகப்புத் திரையைக் காட்டும் ஆப்பான லாஞ்சரையே மாற்ற வேண்டும்.