உப்பாகிப்போன போரை ஆழப்படுத்தினால் நல்ல நீர் வருமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. எட்டு ஆண்டுகளுக்கு முன் 110 அடியில் போட்ட போரில் நல்ல தண்ணீர் வந்தது. இரண்டு கோடையாகத் தண்ணீர் கரிக்கிறது. நாற்றின் நுனி கருகுகிறது. 400 அடிக்கு ஆழப்படுத்தினால் அடி ஊற்றில் நல்ல நீர் கிடைக்கும் என்று ஒரு போர் தரகர் சொல்கிறார். உள்ளங்கையில் தேங்காய் வைத்து இடமும் குறித்துவிட்டார். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். உப்பு எந்த வழியாக உங்கள் குழாய்க்குள் வருகிறது என்பது தெரியாத வரையில், ஆழத்துக்குச் செலவழிக்கும் பணம் பெரும்பாலும் இன்னும் உப்பான நீரைத்தான் மேலே கொண்டுவரும்.

முதலில், 'ஆழப்படுத்துதல்' என்று தரகர் சொல்வதே உங்கள் மண்ணுக்குப் பொருந்தாது. சேலம், நாமக்கல் பக்கத்துக் கருங்கல் பூமியில் பாறைக்குள் போட்ட துளை தானாக நிற்கும். அதை மேலும் துளைத்துக்கொண்டே போகலாம். டெல்டாவில் காவிரியும் அதன் கிளைகளும் கொண்டுவந்து கொட்டிய மணலும் களியும் அடுக்கடுக்காகக் கிடப்பதால், அடி வரை குழாய் இறக்கினால்தான் துளை நிற்கும். பழைய குழாய்க்குள் புகுந்து 400 அடி போவது நடைமுறையில் கிட்டத்தட்ட முடியாத காரியம். நீங்கள் பணம் கொடுக்கப்போவது முற்றிலும் புதிய போருக்கு. திருச்செங்கோட்டிலிருந்து நாடெங்கும் செல்லும் வண்டிகளில் பெரும்பாலானவை பாறைக்கென அமைந்தவை என்பதால், வருகிற வண்டி சேற்றுக் கலவையைச் சுழற்றித் துளைக்கும் ரோட்டரி வகையா என்பதையாவது விசாரியுங்கள்.

உப்பு எங்கிருந்து வருகிறது? 'கடல் உள்ளே வந்துவிட்டது' என்பது சில ஊர்களுக்குத்தான் உண்மை. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் கடலே இன்றைய கரையைத் தாண்டி உள்ளே நின்றது. வேதாரண்யம் பகுதியில் வரிசை வரிசையாகக் காணப்படும் பழைய மணல்மேடுகள் அது பின்வாங்கியதன் சுவடுகள். அக்காலத்துக் களியில் தங்கிய உப்பு பல இடங்களில் இன்னும் கழுவப்படவில்லை. அங்கே கடல் நகர்ந்து வர வேண்டியதில்லை, மோட்டார் இழுத்தாலே போதும். கலக்க வேண்டிய அளவும் மிகக் குறைவு: கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருப்பதால், நல்ல நீரில் அது நூற்றுக்கு மூன்று பங்கு சேர்ந்தாலே லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு கூடிவிடும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் விரும்பத்தக்கதாகச் சொல்வது லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்துக்கு 2,000 வரை.

நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாள் முழுவதும் மோட்டாரை நிறுத்திவைத்துப் பிறகு ஓட்டி, முதல் பத்து நிமிடத்திலும், ஒரு மணி நேரம் கழித்தும், நான்கு மணி நேரம் கழித்தும் நீரைப் பிடித்து அளந்து எழுதுங்கள். தொடக்கத்தில் உப்பு அதிகமாக இருந்து போகப் போகக் குறைந்தால், மேலடுக்கின் உவர்நீர் குழாயின் இணைப்பு வழியாகக் கசிந்து இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். கேமரா இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும், அது பழுது பார்க்கும் செலவோடு முடியவும் வாய்ப்புண்டு. ஓட ஓட உப்பு ஏறினால், கீழே கிடக்கும் உவர்நீரை உங்கள் மோட்டார் மேலே இழுக்கிறது. அந்த நிலையில் ஆழமாகப் போவது அந்த உவர்நீருக்குள்ளேயே குழாயை இறக்குவதாகும். மோட்டாரின் குதிரைத்திறனைக் குறைத்து, குறைந்த நேரம் இறைத்து இடைவெளி விட்டால் பல போர்கள் தேறிவிடுகின்றன. அளவு மாறாமல் ஒரே சீராக இருந்தால் அந்த அடுக்கே உப்பாகிவிட்டது எனக் கொள்ளலாம்.

ஆழத்தில் நல்ல நீரே கிடையாது என்று நான் சொல்லவில்லை. மேலே உப்பு, நடுவே கெட்டியான களி, அதற்குக் கீழே நல்ல நீர் என்ற அமைப்பு டெல்டாவில் உண்டு; மன்னார்குடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் ஆழத்திலுள்ள, 'கடலூர் மணற்கல்' என்று பெயர் பெற்ற அடுக்கு நல்ல நீர் தருகிறது. அந்த அடுக்கு கிழக்கே சரிந்து மேலும் ஆழத்துக்குப் போவதால், மேற்கே கிடைத்ததை வைத்து உங்கள் ஊருக்குக் கணக்குப் போட முடியாது. உங்களிடம் அந்த அமைப்பே இருந்தாலும், போர் போடும் முறையில்தான் அது கெடுகிறது. துளை அகலமாகவும் குழாய் ஒல்லியாகவும் இருக்கும். இடையிலுள்ள சந்தில் அடியிலிருந்து தரை வரை கூழாங்கல்லைக் கொட்டி நிரப்பிவிடுகிறார்கள். மேலடுக்கின் உவர்நீர் அந்தக் கூழாங்கல் வழியாகவே இறங்கி, 300 அடியில் இருக்கும் பில்டர் குழாய்க்குள், அதாவது நீர் நுழைவதற்காகத் துளையிட்ட குழாய்ப் பகுதிக்குள், போய்ச் சேர்கிறது. கூழாங்கல் பில்டர் குழாயைச் சுற்றியும் அதற்குச் சற்று மேல் வரையும் மட்டுமே இருக்க வேண்டும். நடுவிலுள்ள களியின் மட்டத்தில் அந்த இடைவெளியைச் சிமெண்ட் குழம்பாலோ, நனைந்தால் ஊதி அடைக்கும் பென்டோனைட் களியாலோ அடைத்தே தீர வேண்டும். இதைச் செய்யாத போர் உங்கள் காசை மட்டும் விழுங்குவதில்லை, காலங்காலமாகக் காப்பாற்றப்பட்ட கீழடுக்கையும் ஊருக்கே கெடுத்துவிடுகிறது. தரகர் தரும் மதிப்பீட்டில் இந்த அடைப்புக்கு ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது, அடி கணக்கும் குழாய் கணக்கும்தான் இருக்கும். அடிக்கு இவ்வளவு என்று தரகு வாங்குபவர் ஆழத்தைப் பரிந்துரைக்காமல் வேறு எதைப் பரிந்துரைப்பார்?

தேங்காயை விட்டுவிடுவோம்; அதற்கு நிலத்தடி நீரோடு எந்தத் தொடர்பும் இல்லை. கருவியோடு வருபவரிடமும் எச்சரிக்கை தேவை. தரையில் கம்பி நட்டு மின்தடை அளக்கும்போது உவர்நீர் நிறைந்த மணலும் வெறும் களியும் ஏறத்தாழ ஒரே மாதிரிக் குறைந்த அளவைக் காட்டும். அதை வைத்து 'இங்கே நல்ல மணல்' என்று அடித்துச் சொல்பவரை நம்ப வேண்டாம். சிறிய சோதனைத் துளை போட்டு, அதற்குள் கருவி இறக்கி எடுக்கும் மின் லாக்கிங்தான் எந்த அடியில் நல்ல நீர் இருக்கிறது என்று ஓரளவு உறுதியாகக் காட்டும். பில்டர் குழாயை எங்கே வைப்பது என்பதை அதைப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநிலத் துறைகளும் டெல்டாவில் துளையிட்டு அடுக்குகளைப் பதிவு செய்திருக்கின்றன. மக்கள் வரிப்பணத்தில் எடுத்த அந்தப் பதிவுகள் ஊர்வாரியாக, தமிழில், ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தால் தரகர்களுக்கு இங்கே பிழைப்பே இருந்திருக்காது. 2003-இல் தமிழ்நாட்டில் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கு வராமலே 2013-இல் நீக்கப்பட்டது. கடைமடைக்கு முறை தவறாமல் ஆற்றுநீர் வந்தால் பாதி போர்களுக்குத் தேவையே இருக்காது என்பதையும் அதிகாரிகள் அறிவார்கள். ஆயினும், வேளாண்மைப் பொறியியல் துறைக்கும் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுத்தில் மனுக் கொடுத்து, உங்கள் ஊருக்கு மிக அருகிலுள்ள அரசுத் துளையின் அடுக்கு விவரத்தைக் கேளுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள், பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

அந்த விவரத்தில் களிக்குக் கீழே நல்ல நீர் இருப்பதாகத் தெரிந்தால் மட்டும் புதிய போரைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் வண்டி மாவட்ட நிர்வாகத்தில் பதிவு பெற்றதா என்று பார்த்து, ஊராட்சியின் அனுமதி வாங்கி, அடைப்பையும் லாக்கிங்கையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள். பழைய போரைக் கைவிடுவதானால் அடியிலிருந்து களியும் சிமெண்ட் குழம்பும் இட்டு நிரப்பிவிட வேண்டும். வாயை மட்டும் மூடினால் மேலே உள்ள உப்பு அதன் வழியாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும்.