ஜெர்மனிக்குப் போகிற பையனுக்கு ஜெர்மன் வேண்டாமா?

(பெங்களூரில் ஜெர்மன் மொழி கற்பிக்கும் ஆசிரியை வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்)

கேள்வி: என் மகன் மெக்கானிக்கல் பி.இ. முடித்திருக்கிறான். மாஸ்டர்ஸுக்கு ஜெர்மனி போக ஆசைப்படுகிறான். ஏஜென்ட் ஒருவர் பெர்லினில் ஒரு தனியார் கல்லூரியைக் காட்டி, "கோர்ஸ் ஆங்கிலத்தில்தான், ஜெர்மன் படிக்கவே வேண்டாம்" என்கிறார். கட்டணம் வருடத்துக்குப் பன்னிரண்டு லட்சம். வீட்டை அடமானம் வைக்கலாமா?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும் அம்மா. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை வழக்கமான மாஸ்டர்ஸ் படிப்புக்குக் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை, நம் பிள்ளைகளிடமும்தான். செமஸ்டருக்குச் சில நூறு யூரோ கட்டினால் போதும். பல ஊர்களில் பஸ், ரயில் பாஸும் அதிலேயே அடக்கம். விதிவிலக்கும் உண்டு. பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் 2017 முதல் நம்மவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் டெக்னிக்கல் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து மாஸ்டர்ஸுக்குச் செமஸ்டர் ஒன்றுக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை கேட்கிறது. அரசுப் பல்கலைக்கு ஆள் அனுப்பினால் ஏஜென்டுக்குக் கமிஷன் கிடைக்காது. அதனால்தான் அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், சரி. வகுப்பு முடிந்த பிறகு? அல்சூரில் தமிழை வைத்தே காய்கறி வாங்கி, ஆட்டோ பிடித்துக் காலம் தள்ளிவிடலாம். ஆகன் மாதிரி ஜெர்மன் ஊரில் ஆங்கிலத்தை வைத்து அப்படித் தள்ள முடியாது. வாடகை ஒப்பந்தம், இன்ஷூரன்ஸ் கடிதம், விசா நீட்டிப்புக்கான தாள் எல்லாம் ஜெர்மனில் வரும், அதுவும் தபாலில்.

அந்தத் தபால் கையில் கிடைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. அங்கே கதவு எண்ணைப் பார்த்துக் கடிதம் போடுவதில்லை, தபால் பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார்கள். என்னிடம் படித்த பையன் ஒருவனுடைய பெட்டியில் பழைய குடித்தனக்காரர் பெயரே இருந்தது. விசா அலுவலகம் நேரில் வரச்சொல்லி அனுப்பிய கடிதம் திரும்பிப் போய்விட்டது. மறுபடி ஒரு தேதி வாங்குவதற்குள் அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. வீட்டு வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பில் அதைத் தெளிவாகவே எழுதியிருந்தார்களாம், ஜெர்மனில்.

வேலைக்கும் இதே கதைதான். படிப்பு முடிந்து வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். உங்கள் மகன் படித்த மெக்கானிக்கலுக்கு நல்ல வேலை தரும் கம்பெனிகளில் பல, சின்ன ஊர்களில் இருக்கும் நடுத்தரக் கம்பெனிகள். பட்டறையில் நிற்கும் தொழிலாளியோடு பேசத் தெரியாத இன்ஜினீயரை அவர்கள் ஏன் எடுப்பார்கள்?

இந்திராநகர் சி.எம்.ஹெச். ரோட்டில் ஜெர்மன் சொல்லித்தரும் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். இன்றைக்கே முதல் நிலையான ஏ1-இல் சேரட்டும். விமானம் ஏறுவதற்குள் மூன்றாம் நிலையான பி1 முடித்துவிட்டால் எனக்கு நிம்மதி. இங்கே படித்த படிப்பின் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கும் கையோடு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு அது இல்லாமல் விசா கிடையாது.

கேள்வி: ஜெர்மன் விசாவுக்காக பிளாக்ட் அக்கவுன்டில் (மாதாமாதம் ஓர் அளவுக்கு மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) 11,904 யூரோ போடச் சொல்கிறார்களே, அது திரும்பி வருமா?
- மாணவர், கே.ஆர். புரம்

பதில்: அது கட்டணமில்லை தம்பி, உங்கள் பணம்தான். அங்கே போய்ச் சேர்ந்ததும் மாதம் 992 யூரோ வீதம் உங்கள் கைக்கே வரும். வாடகை, சாப்பாடு, இன்ஷூரன்ஸ் எல்லாம் அதற்குள்தான். வட்டிக்கு வாங்கிப் போட்டுவிட்டு, போனதும் திருப்பிவிடலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். மொத்தமாக எடுக்க விடமாட்டார்கள்.