சிமுலேட்டரில் மிராஜ் 2000 ஓட்டுவது, நிஜத்தில் ஓட்டுவதற்கு எவ்வளவு நெருக்கம்?

கேட்டவர் டிசிஎஸ் வேர்ல்ட் என்ற கணினி சிமுலேட்டரில் மிராஜ் 2000சி போர் விமானம் ஓட்டுகிறாராம். நான் தொண்ணூறுகளில் குவாலியர் விமானப்படைத் தளத்தில் நிஜ மிராஜ் ஓட்டியவன். இப்போது மகன் வீட்டில் ஜாய்ஸ்டிக், த்ராட்டில், தலையசைவைப் படிக்கும் கருவி என்று எல்லாம் வைத்திருக்கிறான். அதில் ஐம்பது மணி நேரமாவது உட்கார்ந்திருப்பேன்.

விமானத்தின் குணத்தை அருமையாகப் பிடித்திருக்கிறார்கள். மிராஜுக்குக் கிடைமட்ட வால் கிடையாது, 41 சதுர மீட்டர் முக்கோண இறக்கைதான் எல்லாம். ஸ்டிக்கை இழுத்தால் மூக்கு சட்டென்று திரும்பும். ஆனால் அவ்வளவு பெரிய இறக்கை காற்றில் நிமிர்ந்து நின்றால் இழுவை எகிறிவிடும், வேகம் மளமளவென்று கரையும். முதல் திருப்பத்தில் ராஜா, மூன்றாவது திருப்பத்தில் திண்டாட்டம். சிமுலேட்டரிலும் அப்படியேதான்.

வித்தியாசம், அது நமக்கு எப்படித் தெரிகிறது என்பதில். நிஜத்தில் வேகம் குறையக் குறைய, எவ்வளவு இழுத்தாலும் ஜி (உடம்பின் எடை எத்தனை மடங்காகிறது என்ற கணக்கு) இறங்கிக்கொண்டே வரும். உடம்பை அழுத்திய பாரம் லேசாகும். கண் வேறெங்கோ எதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், 'வேகம் போச்சு' என்று உடம்பு சொல்லிவிடும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் திரையில் வேகத்தின் எண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதேபோல நிஜ ஸ்டிக்கில் ஓரிடத்தில் கெட்டியான தடை ஒன்று இருக்கும். ஆயுதச் சுமை இல்லாதபோது அதுவரை இழுத்தால் கணினி 9 ஜியில் நிறுத்தும். உயிர் போகும் அவசரம் என்றால் பலம் கொடுத்து அதையும் தாண்டலாம். மகனுடைய ஜாய்ஸ்டிக்கில் அந்தத் தடை இல்லை, அதனால் கைக்கு எல்லை தெரிவதில்லை.

தரையிறக்கம் கிட்டத்தட்ட நிஜம்தான். கிடைமட்ட வால் இல்லாத விமானத்தில் பிளாப் (மெதுவாகப் பறக்கும்போது தூக்குவிசையைக் கூட்ட இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் பலகை) வைக்க முடியாது, இறக்கினால் மூக்கு கவிழ்ந்துவிடும். ஆகவே காற்றுக்கு 14 டிகிரி கோணத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டே வருவோம். கடைசி நேரத்தில் மூக்கை இன்னும் தூக்கினால் எலவான்கள், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகைகள், மேலே போகும், இறக்கையின் தூக்குவிசை ஒரு கணம் குறையும், விமானம் முதலில் கொஞ்சம் தணிந்துவிட்டு அப்புறம்தான் பிடித்துக்கொள்ளும். அந்தக் கணத்தில் இருக்கை கீழே நழுவுவது வயிற்றில் தெரியும். அதைத் திரை தராது. ஆனால் பழகுவதற்குத் திரை போதும் என்றே சொல்வேன்.

சிமுலேட்டர் தரவே முடியாதது கழுத்து வலி. 9 ஜியில் 70 கிலோ ஆள் 630 கிலோ ஆகிறார். ரத்தம் கீழே இறங்காமல் இருக்கப் போடும் ஜி-சூட் என்ற உடை காலையும் வயிற்றையும் நெரிக்கும், தசைகளை இறுக்கி மூச்சைப் பிடித்துப் பிடித்து விடுவோம், அப்படியும் பார்வை ஓரங்களில் சாம்பல் நிறமாகும். ஹெல்மெட்டோடு தலையைப் பின்னால் திருப்ப வேண்டுமென்றால் இழுப்பதற்கு முன்பே திருப்பி, இருக்கையில் சாய்த்து வைத்துக்கொள்ள வேண்டும். இழுக்க ஆரம்பித்தபின் திருப்பினால் வாரக்கணக்கில் கழுத்து பிடித்துக்கொள்ளும். சிமுலேட்டரில் என் மகன் 8 ஜியில் ஆந்தை மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்க்கிறான்!

நிஜத்தை நெருங்க ஒரு வழி சொல்கிறேன். 6 ஜிக்கு மேல் போனால் தலை இருந்த இடத்திலேயே இருக்கட்டும், ஜி இறங்கும்வரை அசைக்காதீர்கள். மகன் அப்படி ஓட்டிப் பார்த்தான். இரண்டே நிமிடத்தில் எதிரி எங்கே போனான் என்று தெரியாமல் வானத்தில் தேடிக்கொண்டிருந்தான். குவாலியரில் முதல் சில மாதங்கள் எனக்கும் அப்படித்தான் இருந்தது.