பைலட்டில் நீங்கள், தொடரில் வேறொருவர்: மீட்டுத் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "ஒரு தொலைக்காட்சித் தொடரின் பைலட்டில், அதாவது தொடருக்கு அனுமதி வாங்க மாதிரியாக எடுக்கும் முதல் எபிசோடில், கதாநாயகியின் அக்காவாக நடித்தேன். தொடருக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் என் பாத்திரத்துக்கு வேறு ஆளைப் பார்க்கிறார்களாம், என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பல வருடங்களுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேனே, எப்படி மாற்ற முடியும்? வாங்கிய சம்பளத்தைத் திருப்பிக் கேட்பார்களா? தெரிந்த ஒருவர், கொஞ்சம் பணம் கொடுத்தால் தயாரிப்பாளரிடம் பேசிப் பாத்திரத்தை மீட்டுத் தருகிறேன் என்கிறார்."

கடைசி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது. ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். துணைப் பாத்திரத்துக்கு யார் என்பதைத் தயாரிப்பாளரும் ஸ்டுடியோவும் சேனலும் உள்ளே உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள், வெளியே நிற்கும் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு அதைத் திருப்பிவிட முடியாது. உங்களுக்கு வேலை பேசி முடித்துத் தருகிறவர் கலிபோர்னியாவில் மாநிலத் தொழிலாளர் ஆணையரிடம் உரிமம் வாங்கிய ஏஜென்டாக இருக்க வேண்டும். அவருக்கான கமிஷன் வழக்கமாக 10 சதவீதம், அதுவும் உங்கள் சம்பளம் வந்த பிறகுதான். வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பதைத் தடுக்கவே அங்கே 2010 முதல் ஒரு தனிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இப்படி முன்பணம் கேட்பவர் முதலில் பேச்சுக்கு மட்டும்தான் பணம் என்பார், அப்புறம் புதுப் புகைப்படம் வேண்டும் என்பார், அப்புறம் ஒரு பயிற்சி வகுப்பு. இப்படிப் போனவர்கள் பலரின் காகிதங்களை நான் பார்த்திருக்கிறேன், ஒருவருக்குக்கூடப் பாத்திரம் திரும்பி வரவில்லை. உங்கள் நண்பரிடம் உரிம எண்ணைக் கேளுங்கள். அது போதும்.

சரி, ஒப்பந்தத்துக்கு வருவோம். நீங்கள் கையெழுத்துப் போட்டது பல வருட வேலைக்கு என்று நினைக்கிறீர்கள். அப்படி நினைக்காதவர்களே குறைவு. உண்மையில் அது பைலட்டுக்கான வேலையும், அதற்குப் பிறகு ஒவ்வொரு சீசனுக்கும் உங்களைக் கூப்பிட அவர்களுக்கு இருக்கும் உரிமையும்தான், அதைத்தான் ஆப்ஷன் என்பார்கள். கூப்பிட்டால் நீங்கள் போயாக வேண்டும், கூப்பிட வேண்டும் என்று அவர்களுக்குக் கட்டாயம் இல்லை. கயிறு ஒரு பக்கம் மட்டும் கட்டப்பட்டிருக்கிறது. இத்தனை எபிசோடுக்குச் சம்பளம் உறுதி என்று தனியாக ஒரு வரி இருந்தால் மட்டும் கதை வேறு, அதை ஏஜென்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பைலட் சம்பளத்தை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். வேலை செய்தீர்கள், அது உங்கள் பணம்.

மாற்றுவதை உங்கள் நடிப்புக்குக் கிடைத்த மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அக்கா வேடம் என்கிறீர்கள். கதாநாயகியை மாற்றினாலே முகச்சாயலுக்காக அக்காவையும் மாற்றுவார்கள். 'கில்மோர் கேர்ள்ஸ்' பைலட்டில் சமையல்காரத் தோழியாக நடித்த அலெக்ஸ் போர்ஸ்டீன் வேறொரு நிகழ்ச்சியின் ஒப்பந்தத்திலிருந்து வெளியே வர முடியாததால் அந்த வேடம் மெலிசா மெக்கார்த்திக்குப் போனது, போர்ஸ்டீன் பிறகு அதே தொடரில் வேறு சிறு வேடங்களில் வந்தார். '30 ராக்' பைலட்டில் ஜென்னாவாக இருந்த ரேச்சல் டிராட்சின் இடத்துக்கு ஜேன் கிராகோவ்ஸ்கி வந்தார், டிராட்சும் முதல் சீசனில் பல வேடங்களில் நடித்தார். ஆகவே கோபமாக எதையும் எழுதி அனுப்பிவிடாதீர்கள், அந்தக் கதவு திறந்தே இருக்கட்டும்.

மாற்றிவிட்டால் பைலட் சம்பளத்தோடு கணக்கு முடிந்தது என்பதற்கு உள்ள விதிவிலக்கை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் நழுவுவது இங்கேதான். பைலட்டை முழுவதும் புதிதாக எடுத்தால் பழையது அலமாரிக்குப் போய்விடும், உங்களுக்கு மேற்கொண்டு எதுவும் இல்லை. ஆனால் செலவை மிச்சம் பிடிக்கச் சில காட்சிகளை மட்டும் மறுபடி எடுத்துவிட்டு, மீதியை அப்படியே முதல் எபிசோடாக ஒளிபரப்பினால்? அதில் உங்கள் முகமும் வசனமும் இருந்தால், நடிகர் சங்க ஒப்பந்தத்தின் கீழ் எடுத்த படமாக இருக்கும் பட்சத்தில், மறுஒளிபரப்புக்கான ரெசிடுவல் தொகையில் உங்களுக்குப் பங்கு உண்டு. தொடரில் இன்னொருவர் அக்காவாக நடிப்பதால் அது போய்விடாது. இன்னொன்று, பழைய காட்சியை வெட்டிப் பின்னால் வரும் வேறொரு எபிசோடில் ஒட்டுவது. 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் நிராகரிக்கப்பட்ட முதல் பைலட்டை 1966இல் இரண்டு பாகக் கதைக்குள் அப்படித்தான் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு அப்படிச் செய்தால் பொதுவாக உங்கள் சம்மதம் வாங்கி, தொகையும் தனியாகப் பேச வேண்டும். ஆகவே தொடர் வரும்போது முதல் எபிசோடை உட்கார்ந்து பாருங்கள், நீங்கள் வரும் நிமிடத்தைக் குறித்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு எழுதுங்கள். சங்கத்தில் உள்ள முகவரி பழையதாக இருந்தால் காசோலை வேறு வீட்டுக்குப் போகும், அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

எனக்குப் பொறுக்காதது அந்த மௌனம்தான். ஆப்ஷன் காலம் முடியும்வரை உங்களைப் பிடித்து வைத்திருப்பார்கள், பழைய சேனல்களின் வழக்கத்தில் அது பெரும்பாலும் ஜூன் கடைசி. அதுவரை வேறு தொடரில் வாய்ப்பு வந்தாலும் அது இரண்டாவது இடத்தில்தான் நிற்கும், பைலட்காரர்கள் கூப்பிட்டால் அதை விட்டுவிட்டு ஓட வேண்டும் என்பதால் புதியவர்கள் உங்களை எடுக்கவே தயங்குவார்கள். வேறு ஆளைத் தேடிக்கொண்டே உங்களையும் விடாமல் வைத்திருப்பது அநியாயம். ஒரு வரியில் ஒரு கடிதம், அதை அனுப்ப இத்தனை பெரிய நிறுவனங்களுக்கு ஏன் வாரக்கணக்கில் ஆகிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மாற்றுவதென்று முடிவான பிறகும் ஜூன் கடைசிவரை சும்மா உட்கார்ந்திருந்த நடிகர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் இழந்த வேலைக்கு யாரும் ஈடு தருவதில்லை.

அதனால் இன்றைக்கே உங்கள் ஏஜென்ட் மூலமாக இரண்டே கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: என் ஆப்ஷன் எந்தத் தேதியில் முடிகிறது, இப்போதே என்னை விடுவிக்கிறீர்களா? போனில் "கவலைப்படாதீர்கள், நீங்கள் வெளியேதான்" என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள், கடிதம் கையில் வந்த பிறகுதான் அடுத்த வேலைக்கு முதல் இடத்தில் கையெழுத்துப் போடலாம்.