தலைகீழ் லென்ஸும் மோய்னாவும்

கேள்வி: மீன்குஞ்சுகளுக்குப் போட மோய்னா என்ற பொடி நீருயிரியை வளர்க்கிறேன். அதைப் படம் எடுக்க ஆசை. கையில் இருப்பது கேனான் கேமராவும் 18-55 கிட் லென்ஸும்தான். லென்ஸைத் திருப்பி மாட்டினால் போதும் என்கிறார்களே, சரியா?
- வாசகர், புளியரை

சரிதான். லென்ஸின் பின்பக்கம், பக்கத்திலேயே இருக்கும் சின்ன சென்சாரில் படம் விழுவதற்காகச் செய்தது. திருப்பிவிட்டால் அந்தப் பக்கம் மோய்னாவைப் பார்க்கும், அவ்வளவுதான் விஷயம். லென்ஸின் முன்பக்கம் 58 மி.மீ. என்று போட்டிருந்தால் அதே அளவு ரிவர்ஸ் ரிங் (லென்ஸைத் திருப்பிக் கேமராவில் மாட்டும் வளையம்) வாங்குங்கள். இங்கே ஜூம் தலைகீழாக வேலை செய்யும்: 18-ல் வைத்தால் உருவம் பெரிதாகும், 55-ல் ஏறக்குறைய நிஜ அளவுதான் வரும். பழகும்வரை 55 பக்கமே இருங்கள்.

அப்பர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் ஒளி புகும் துளை, அதுதான் கொஞ்சம் தொல்லை. திருப்பி மாட்டிய லென்ஸில் அதைக் கேமராவால் மாற்ற முடியாது. லென்ஸை நேராக மாட்டி f/8 வைத்து, டெப்த் பிரிவியூ பட்டனை (துளையை வைத்த அளவுக்கு மூடிக் காட்டும் பட்டன்) அழுத்திப் பிடித்தபடியே லென்ஸைக் கழற்றுங்கள், துளையை மூடும் இதழ்கள் அப்படியே நின்றுவிடும். அதைவிட மூடினால் படம் மங்கும்.

கேள்வி: ரிங் மாட்டித் தொட்டியில் எடுத்துப் பார்த்தேன். பத்துக்கு ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. கண்ணாடிதான் காரணமா?
- வாசகி, செங்கோட்டை

கண்ணாடியும் ஒரு காரணம். கேமரா கொஞ்சம் சாய்ந்தாலும் ஓரங்கள் இழுபடும், அதனால் கண்ணாடிக்கு நேர் செங்குத்தாக வையுங்கள். ஆனால் பெரிய காரணம் தொட்டியின் அகலம். திருப்பிய லென்ஸுக்கு எட்டும் தூரம் நாலைந்து சென்டிமீட்டர்தான், இரண்டு மடங்கு பெரிதாக்கினால் கூர்மையாக விழும் ஆழம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, அதற்குள் ஒரு துள்ளும் உயிரைப் பெரிய தொட்டியில் துரத்திப் பிடிப்பது நடக்கிற காரியமில்லை. லென்ஸுக்குச் செலவழிப்பதைவிட ஒரு குறுகலான தொட்டிக்குச் செலவழியுங்கள் என்றுதான் சொல்வேன். கண்ணாடிக் கடையில் 3 மி.மீ. கண்ணாடி வெட்டி வாங்கி, நடுவில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் இடம் விட்டு சிலிக்கான் வைத்து ஒட்டி, நன்றாகக் காயவிட்டு அலசுங்கள். ஊற்றுகிற தண்ணீர் அவை வளர்ந்த தண்ணீராகவே இருக்கட்டும்.

ஃபோகஸ் வளையத்தைத் திருகிப் பிரயோஜனமில்லை. கேமராவை ஒரு பலகைமேல் வைத்து மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஃப்ளாஷை மேலிருந்து, வெள்ளைத் தாள் வழியாக அடியுங்கள், முன்னாலிருந்து அடித்தால் கண்ணாடியில் எதிரொளிக்கும். முதலில் ஹைட்ரா என்ற குட்டி நீருயிரியை எடுத்துப் பழகலாம், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும், தட்டினால் மட்டும் சுருங்கிவிடும். அப்புறம் டாஃப்னியா, மோய்னாவின் உறவுதான், ஆனால் அதைவிடப் பெரிது. உடம்பு முழுக்கக் கண்ணாடி மாதிரி, ஒற்றைக் கறுப்புக் கண், முதுகோரம் படபடவென்று துடிக்கும் இதயம், அதற்குக் கீழே பையில் வரிசையாக முட்டைகள். லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) அந்தத் துடிப்பைப் பார்த்துவிட்டால் நீங்களே நிறுத்த மாட்டீர்கள்! ஆனாலும் அதிக நேரம் வைக்காதீர்கள். கொஞ்சம் தண்ணீர் சீக்கிரம் சூடாகிவிடும், பாவம், எடுத்தவுடன் பழைய இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: அப்பாவின் பழைய பிலிம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் இருக்கிறது, உள்ளே ஓரத்தில் லேசாகப் பூஞ்சை. இதற்கு ஆகுமா?
- வாசகர், ஆரியங்காவு

தாராளமாக ஆகும். ஓரத்தில் லேசாக இருந்தால் படத்தில் பெரும்பாலும் தெரியாது, நடுவில் படர்ந்திருந்தால் ரிப்பேர்காரரிடம் கொடுத்துத் துடையுங்கள். அப்பர்ச்சர் வளையம் லென்ஸிலேயே இருப்பதால் கிட் லென்ஸைவிட இது சுலபம். நம் பக்கத்துச் சாரல் காலத்தில் தோல் உறையில் வைக்கவே வைக்காதீர்கள், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். திருப்பி மாட்டும்போது பின்கண்ணாடி தொட்டிப் பக்கம் திறந்தே இருக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தால் போதும். பின்மூடியின் நடுவை வெட்டி எடுத்துவிட்டு, மிச்ச வளையத்தை மாட்டிக்கொள்ளுங்கள்.