பழைய இசைத் தாள்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அறுபதுகளின் ராக் இசைக்குழுக்களைப் பற்றி அக்காலத்திலேயே வெளிவந்த பிரிட்டிஷ் இசைச் செய்தித்தாள்களைச் சேர்க்க விரும்புகிறேன். பீட்டில்ஸ் படம் முகப்பில் உள்ள இதழ்களை மட்டும் வாங்கினால் போதாதா? (வாசகர், ஹாரோ, லண்டன்)

பதில்: முகப்புப் படத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். 1964ஆம் ஆண்டு வாக்கில் பீட்டில்ஸ் படம் வராத இசைத்தாளே இல்லை. ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ அந்த ஆண்டில் வாரந்தோறும் மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றது. எனவே அவ்வாண்டு இதழ்கள் இன்றும் தேடினால் அகப்படுகின்றன. ஒரு குழுவின் பெயர் ஊர் எல்லையைத் தாண்டாத நாளில், அது நாளை என்னவாகும் என்று அறியாமலே எழுதப்பட்ட செய்தியைத் தாங்கிய தாள்தான் தேடத்தக்கது.

அவ்வகையில் முதலிடம் ‘மெர்சி பீட்’ இதழுக்குத்தான். பீட்டில்ஸின் சொந்த ஊரான லிவர்பூலின் ஓவியக் கல்லூரியில் அக்குழுவின் ஜான் லெனனுடன் படித்த பில் ஹாரி, 50 பவுண்டு கடன் வாங்கி, ரென்ஷா தெருவில் ஒரு மாடி அறையிலிருந்து அதை நடத்தினார். மாதம் இருமுறை வந்த அந்தத் தாளின் முதல் இதழ் 1961 ஜூலை 6 அன்று வெளிவந்தது. விலை மூன்று பென்ஸ். பீட்டில்ஸ் என்ற பெயர் பிறந்த கதையை லெனன் தமக்கே உரிய குறும்போடு எழுதிய கட்டுரை அதிலேயே இருக்கிறது. அக்குழு ஜெர்மனியில் ஒலிப்பதிவு ஒப்பந்தம் செய்துகொண்ட செய்தி, அடுத்த இதழின் முதல் பக்கத்திலேயே பெரிய தலைப்புடன் வந்தது. அந்த இரண்டாம் இதழில் மட்டும் 144 பிரதிகளை, நகரின் பெரிய இசைத்தட்டுக் கடையை நடத்திய பிரையன் எப்ஸ்டீன் கேட்டு வாங்கினார் என்று பில் ஹாரி பதிவு செய்திருக்கிறார். மூன்றாம் இதழிலிருந்து எப்ஸ்டீனே அதில் இசைத்தட்டு விமரிசனமும் எழுதத் தொடங்கினார்.

பின்னாளில் பீட்டில்ஸின் மேலாளரான எப்ஸ்டீன், 1961 அக்டோபர் இறுதியில் கடைக்கு வந்த ஓர் இளைஞர் அவர்களுடைய இசைத்தட்டு வேண்டும் என்று கேட்ட பிறகே அக்குழு தம் கவனத்துக்கு வந்ததாகவும், அதுவரை அந்தப் பெயர் தமக்கு ஏறக்குறைய அறிமுகமற்றதாக இருந்ததாகவும் தம் தன்வரலாற்றில் எழுதினார். ஆனால் அவர் எழுதிய பத்தியும், அவர் கடையில் விற்ற இதழ்களும், அவற்றில் இடம்பெற்ற பீட்டில்ஸ் செய்திகளும் அதற்கு மூன்று மாதம் முந்தைய தேதியோடு இன்றும் இருக்கின்றன. ஒருவர் தம் நினைவிலிருந்து பிற்காலத்தில் எழுதுவதைச் சரிபார்க்க இத்தகைய தாள்களே சான்று; நான் இவற்றை விரும்புவதற்குக் காரணமும் அதுதான்.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவை விரும்புவோர் 1963 மே 11 தேதியிட்ட ‘ரெக்கார்ட் மிரர்’ இதழைத் தேடலாம். அக்குழுவின் முதல் இசைத்தட்டு ஜூன் மாதம்தான் வந்தது. அதற்கு முன்பே நார்மன் ஜாப்ளிங் அவர்களைப் பாராட்டி அதில் எழுதிவிட்டார்.

கேள்வி: இத்தகைய அரிய இதழ்களுக்கு அதிக விலை கொடுக்க இயலாதவர்கள் என்ன செய்வது?

பதில்: எழுபதுகளுக்கு வாருங்கள். ‘மெலடி மேக்கர்’ இதழ்களை இன்றும் கட்டுக்கட்டாக வாங்க முடிகிறது. அவற்றின் பின்பக்கங்களில் பொடி எழுத்தில் நெருக்கி அச்சிடப்பட்ட வரி விளம்பரங்களைப் பொறுமையாகப் படியுங்கள். ஜெனசிஸ் குழுவுக்கு ஃபில் காலின்ஸ் 1970இல் டிரம் வாசிக்க வந்தது அப்படியொரு விளம்பரத்தைப் பார்த்துத்தான். அதே ஆண்டின் இறுதியில் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹாக்கெட் தாமே கொடுத்த விளம்பரம் அக்குழுவின் பாடகர் பீட்டர் கேப்ரியலின் கண்ணில் பட்டு, அவரும் அக்குழுவில் சேர்ந்தார். விற்பவர்கள் முகப்பில் யார் படம் இருக்கிறது என்பதை வைத்தே விலை வைப்பதால், இந்தப் பின்பக்கச் செல்வம் பெரும்பாலும் மலிவாகவே கைக்கு வந்துவிடுகிறது. 1976 பிப்ரவரி 21 தேதியிட்ட ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ இதழில், பின்னாளில் புகழ்பெற்ற பங்க் இசைக்குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸ் பற்றி நீல் ஸ்பென்சர் எழுதிய சிறு விமரிசனம் இருக்கிறது. அந்த இதழ் மட்டும் மலிவாகக் கிடைக்காது.

கேள்வி: அசலையும் மறுபதிப்பையும் எப்படி இனம் காண்பது?

பதில்: ‘மெர்சி பீட்’ பக்கங்கள் பின்னாளில் அப்படியே மறுஅச்சு செய்யப்பட்டிருப்பதால் இக்கேள்வி மிக அவசியமானது. வாசகர் வாக்கெடுப்பில் பீட்டில்ஸ் முதலிடம் பெற்றதை அறிவித்த 1962 ஜனவரி இதழில் மெக்கார்ட்னியின் பெயர் பிழையாக அச்சாகியுள்ளது. சிலர் அந்தப் பிழையையே அசலின் அடையாளமாகக் காட்டி விற்கிறார்கள். நகலிலும் அதே பிழை இருக்கும் என்பதால் அது சான்றாகாது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் புகைப்படங்களைப் பாருங்கள்: அச்சான படத்தை மீண்டும் படமெடுத்து அச்சிட்டால் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று கலங்கி, சிறிய எழுத்துகளின் உட்குழிகள் மை அடைத்துக் காணப்படும். பழைய தாள் ஓரங்களிலும் மடிப்பிலும் கூடுதலாகப் பழுத்திருக்கும். தாள் முழுவதும் ஒரே சீராக மஞ்சளாக இருந்தால் தேநீரில் நனைத்ததோ என்று ஐயப்பட இடமுண்டு. புற ஊதா விளக்கின் கீழ் தாள் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் வாங்காதீர்கள். ஒளிராததை மட்டும் வைத்து அசல் என்று முடிவு செய்யவும் வேண்டாம். விற்பவரிடம் எல்லாப் பக்கங்களின் படத்தையும் கேளுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள தாள்கள் உடைந்து உதிர்கின்றன. தேவையான செய்திகளை மட்டும் வெட்டி எடுத்து லேமினேட் செய்துவிடலாமா? (வாசகர், சென்னை)

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வெட்டினால் தேதியும், பக்க எண்ணும், அருகிலிருந்த நிகழ்ச்சி விளம்பரமும் போய்விடும். அதன்பின் அந்தத் துண்டு எந்த நாளுக்கும் சான்றாக நிற்காது. லேமினேட் செய்தால் சூடும் பசையும் தாளோடு ஒட்டிவிடும், பிறகு பிரிக்க வழியில்லை. மரக்கூழில் லிக்னின் என்ற மரப்பொருள் நீக்கப்படாமலே செய்யப்படுவதால் செய்தித்தாளில் அமிலம் ஊறிக்கொண்டே இருக்கிறது. வெளிச்சம், வெப்பம், ஈரம் மூன்றும் அதை விரைவுபடுத்துகின்றன. சென்னையின் கடற்காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. ஆகவே வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் பரணும் வேண்டாம். ஒவ்வோர் இதழையும் மடிப்பை விரித்து, அமிலமற்ற அட்டையோடு பாலியெஸ்டர் உறையிலிட்டு, தட்டையான பெட்டியில் படுக்கவையுங்கள். பிவிசி உறையும் செலோ டேப்பும் கிட்டவே வரக்கூடாது. துருப்பிடித்த கம்பி ஊசி இருந்தால் பிடுங்காமல், அதன் கால்களை மெல்ல நிமிர்த்தி எடுங்கள். படிப்பதற்கு ஒருமுறை படமெடுத்து வைத்துக்கொண்டால் தாளை அடிக்கடி புரட்ட நேராது. கிழிந்த பக்கங்களுக்கு ஜப்பானியத் தாளும் மாவுப் பசையும் கொண்டு செப்பனிடத் தெரிந்த ஆவணப் பாதுகாப்பாளரை நாடுங்கள்.