டர்பனில் பிள்ளைகளோடு தனியாக இருக்கும் அம்மாவுக்கு வீட்டிலிருந்தே ஆன்லைன் வேலை கிடைக்குமா?

சாட்ஸ்வொர்த்தில் இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கிறேன், கடை வேலை போய்விட்டது, போனை வைத்து ஆன்லைனில் ஏதாவது செய்து இந்த மாத வாடகையைக் கட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மாத வாடகைக்கு ஆன்லைனை நம்பாதீங்க தங்கச்சி. ஒழுங்கான வேலை எதுவானாலும் முதல் காசு கைக்கு வர ஒரு மாதம், இரண்டு மாதம் ஆகும். நானும் இதே ஊரில் மகனோடு தனியாக இருந்து, இங்கிலாந்தில் உள்ள ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீசுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுப்பவள்தான், அந்த நிலவரம் தெரிந்துதான் சொல்கிறேன்.

முதலில் உங்களுக்கு வரவேண்டிய காசை வாங்குங்கள். உங்கள் சம்பளத்தில் மாதம் 1 சதவீதம் யூஐஎஃப்புக்கு, அதாவது வேலை போனவர்களுக்கான தென்னாப்பிரிக்க அரசின் காப்பீட்டு நிதிக்கு, பிடித்திருப்பார்கள், முதலாளியும் 1 சதவீதம் போட்டிருக்க வேண்டும். அவர்களாக நிறுத்தியிருந்தால் அதில் உங்களுக்குப் பணம் உண்டு, நீங்களாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தால் பொதுவாகக் கிடைக்காது. அதனால் முதலாளி தரும் யூஐ-19 படிவத்தில் வேலை போனதற்கு என்ன காரணம் போட்டிருக்கிறார் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், ஆட்குறைப்பு செய்துவிட்டு 'தானே விலகினார்' என்று எழுதுகிற ஆட்களும் இருக்கிறார்கள். பிள்ளைகளின் அப்பா சம்பாதிக்கிறவர் என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஜீவனாம்சம் கேளுங்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம், அவர் மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளத்திலேயே பிடித்துத் தரச் சொல்லி உத்தரவு போடலாம். ஊர் என்ன பேசும் என்று பார்த்தால் பிள்ளைக்கு ஸ்கூல் ஷூ யார் வாங்குவது? வருமானம் ரொம்பக் குறைந்துவிட்டது என்றால் அரசு உதவித்தொகை கொடுக்கும் சாசா அலுவலகத்தில் குழந்தை உதவித்தொகையும் இருக்கிறது, 2025 ஏப்ரலில் அது ஒரு பிள்ளைக்கு மாதம் 560 ரேண்டாக இருந்தது. பெரிய தொகை இல்லைதான், ஆனாலும் அரிசி பருப்புக்கு ஆகும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், கையில் ஒன்றும் இல்லாத நேரத்தில்தான் வாட்ஸ்ஆப்பில் அந்த மெசேஜ் வரும். 'வணக்கம் டியர், வீடியோவுக்கு லைக் போட்டால் போதும்' என்று ஆரம்பித்து, சொன்னபடி முதல் நாள் ஐம்பதோ நூறோ ரேண்ட் போட்டும் விடுவார்கள். அப்புறம் டெலிகிராம் குழுவில் சேர்த்து, பெரிய டாஸ்க் வேண்டுமென்றால் ஐந்நூறு ரேண்ட் டெபாசிட் கட்டு என்பார்கள், அதை எடுக்கப் போனால் இன்னும் ஆயிரம் கேட்பார்கள். வேலை தேடுகிறவரிடம் வேலை வாங்கித் தருவதற்குக் காசு வாங்குவதே இங்கே 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் பிளாக் செய்துவிடுங்கள்.

சரி, எந்த வேலைக்குப் போகலாம்? ஆடியோ கேட்டு டைப் அடிக்கிற வேலையை இப்போது மெஷினே செய்கிறது, அதில் இறங்க வேண்டாம். சீனப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்து இங்கே நிறையப் பெண்கள் பிழைத்தார்கள், 2021-இல் சீன அரசு டியூஷனுக்குக் கட்டுப்பாடு போட்டதும் அது படுத்துவிட்டது. நம் ஊரிலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் கம்பெனிகளின் வாடிக்கையாளர் சேவை வேலைதான் உருப்படியானது. அவர்களுக்கும் நமக்கும் அவர்களுடைய கோடையில் ஒரு மணி நேரம், அவர்களுடைய குளிர்காலத்தில் இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம், ராத்திரி முழிக்க வேண்டாம், கடையில் ஆட்களிடம் பேசிப் பழகிய உங்களுக்கு அது பாதி தெரிந்த வேலை. உம்ஹ்லாங்கா பக்கம் இருக்கிற கால் சென்டர்களில் சில மாதம் நேரில் போய் வேலை செய்துவிட்டு வீட்டிலிருந்து பார்க்கக் கேட்பது, நேரடியாக ஆன்லைனில் தேடுவதைவிடச் சுலபம் என்பது என் எண்ணம். தமிழ் நன்றாக எழுதப் படிக்கத் தெரியுமென்றால், கோவில் வகுப்புக்குப் போயும் எழுத்துக்கூட்டத் திணறுகிற பிள்ளைகள் இங்கே ஏராளம், சாயந்திரம் இரண்டு பேரை வைத்து ஜூமில் ஆரம்பிக்கலாம். கணக்கு வேலைக்குப் படித்திருக்க வேண்டும், ஆறு மாதமாவது ஆகும், ஆனால் அதில்தான் யாரும் நிமிஷத்துக்கு நிமிஷம் போன் செய்யமாட்டார்கள்.

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே சம்பாதிக்கலாம் என்று சொல்கிறவர்கள் பிள்ளை வளர்த்திருக்க மாட்டார்கள். ஷிப்ட் என்றால் ஷிப்ட்தான், அந்த நேரத்துக்குப் பார்த்துக்கொள்ள பக்கத்து வீட்டு ஆன்ட்டியோ கிரெச்சோ வேண்டும், அந்தச் செலவைக் கழித்துவிட்டு என்ன மிஞ்சுகிறது என்று முதலிலேயே போட்டுப் பாருங்கள். சத்தமும் ஒரு தலைவலி. எங்கள் தெருவில் ஹடீடா பறவை கூரைமேல் உட்கார்ந்து கத்த ஆரம்பித்தால் லண்டன்காரர் பேசுவதை நிறுத்திவிட்டு அது என்ன என்று கேட்பார், அதனால் ஜன்னல் இல்லாத பக்கமாக மேஜையைப் போட்டு, வெளிச் சத்தத்தைக் குறைக்கும் ஹெட்செட் ஒன்று வாங்கிவிட்டேன். கரன்ட் போனாலும் வைஃபை நிற்காமல் இருக்க ரௌட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யூபிஎஸ் போதும்.

வெளிநாட்டுக் காசு பேயோனியர் என்ற ஆன்லைன் பணச் சேவை வழியாக வரும், பேபால் என்றால் எஃப்என்பி வங்கி வழியாக எடுக்க வேண்டும். வந்ததை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் வரித்துறையான சார்ஸுக்கு வரி உண்டு, 2025-26 வரி ஆண்டில் அந்த வரம்பு 95,750 ரேண்டாக இருந்தது. யூஐஎஃப் பணம் வந்துகொண்டிருக்கும்போது வேலை கிடைத்தால் அதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள், மறைத்தால் பிறகு திருப்பிக் கேட்பார்கள்.